வெளிநாட்டு அரசு காசுல நடக்கற திட்டம்: பார்ட்னர் ஒழுங்கா வேலை செய்யறாங்களான்னு பாக்கறது எப்படி

நீலகிரியில கூடலூர் பக்கம் திட்டத்தை மதிப்பிடற எவாலுவேஷன் டீம் வருதுன்னா பெரும்பாலும் பிப்ரவரி மார்ச்லதான் வரும், மழை இருக்காது, அட்டைக்கடி இருக்காது, ஜீப் எங்க வேணா ஏறும், வருஷக் கணக்கு முடியற நேரம் வேற, அதனால எல்லாருக்குமே வசதி. நானும் ஆரம்பத்துல அப்படித்தான் போயிட்டு இருந்தேன். ஒரு வருஷம் டிக்கெட் பிரச்சனையால போறது தள்ளிப்போய் ஏப்ரல் கடைசியில போனோம், அதே ஊர், அதே தண்ணி டேங்க், போன வருஷம் நானே "நல்லா இருக்கு"ன்னு எழுதிட்டு வந்த இடம், குழாயைத் திறந்தா காத்துதான் வருது. அன்னிக்கு ராத்திரி சரியா தூங்கல. என் கையெழுத்து போட்ட ரிப்போர்ட்டை நம்பி அடுத்த ஊருக்கும் அதே மாதிரி காசு ஒதுக்கியிருந்தாங்க.

நான் யாருன்னு ரெண்டு வரி. அப்பா சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல சிலோன்ல இருந்து வந்து டேன்டீங்கற அரசு தேயிலைத் தோட்டத்துல சேர்ந்தவர், நான் லைன் வீட்டுல வளர்ந்தவ. முதல்ல வீடு வீடா ஃபார்ம் நிரப்பற வேலை, அப்புறம் ஒரு என்ஜிஓல மானிட்டரிங், இப்ப சில வருஷமா காசு கொடுக்கற பக்கத்துக்காக பார்ட்னர்களை மதிப்பிடற வேலை. மேஜைக்கு ரெண்டு பக்கமும் உட்கார்ந்தாச்சு. இந்த வேலைக்குப் புதுசா வர்ற நம்ம மலைப் பசங்க பொண்ணுங்க அடிக்கடி கேக்கறதால எனக்குத் தெரிஞ்சதை எழுதறேன்.

முதல்ல எதை மதிப்பிடறோம்னு தெளிவாகணும்

ஜப்பானோ ஜெர்மனியோ ஆஸ்திரேலியாவோ, ஒரு அரசு உதவிப் பணம் கொடுத்தா அந்த அரசோட ஆளு வந்து இங்க குழி தோண்டப் போறதில்ல. நடுவுல ஒருத்தர் இருப்பாங்க. ஐநா அமைப்பா இருக்கலாம், கம்பெனியா இருக்கலாம், நம்ம மாநில அரசுத் துறையா இருக்கலாம், என்ஜிஓவா இருக்கலாம். அவங்கதான் பார்ட்னர். நீலகிரிக்கு இது புதுசும் கிடையாது, 1960கள் கடைசியிலேயே இந்தோ-ஜெர்மன் நீலகிரி வளர்ச்சித் திட்டம்னு உருளைக்கிழங்கு, மண், உரம்னு இங்க வேலை நடந்திருக்கு. தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் 1997-ல ஜப்பான் கடன்ல ஆரம்பிச்சது. இப்பவும் சென்னையில இருக்கற ஜப்பான் துணைத் தூதரகம் மூலமா சின்னச் சின்ன அமைப்புகளுக்கு மானியம் வருது, ஆம்புலன்ஸ், ஹாஸ்டல் கட்டடம், தண்ணி இந்த மாதிரி.

திட்டம் ஜெயிச்சுதா தோத்துதாங்கறது ஒரு கேள்வி. பார்ட்னர் தன் வேலையை எப்படி செஞ்சாங்கங்கறது வேற கேள்வி. ரெண்டையும் குழப்பினா நல்லவங்களை அடிச்சிருவோம், சோம்பேறிங்களைத் தப்பிக்க விட்ருவோம். கீழ்க்கோத்தகிரி பக்கம் காய்கறி நாத்து வெச்ச ஒரு திட்டம், காட்டுமாடு இறங்கி ஒரே வாரத்துல மொத்தத்தையும் மேஞ்சிருச்சு. நாத்து போச்சுங்கறதுக்காக பார்ட்னருக்கு மார்க் குறைக்கறது நியாயமில்ல. ஆனா காட்டுமாடு வரும்னு அந்த ஊர்ல சின்னப் பிள்ளைக்குக்கூட தெரியும், வேலிக்கு பட்ஜெட்ல காசு கேட்டாங்களா, மேஞ்ச பிறகு எத்தனை நாள்ல காசு கொடுத்த டோனருக்குச் சொன்னாங்க, மிச்சக் காசை என்ன பண்ணலாம்னு ஊர்க்காரங்களைக் கேட்டாங்களா, இதெல்லாம் அவங்க கையில இருந்த விஷயம். அதுக்குத்தான் மார்க்.

இன்னொண்ணு, பார்ட்னரோட பங்கு என்னன்னு சரியா புரிஞ்சுக்கணும். இதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் இந்தியாவே உதவி கொடுக்கற நாடா நிக்கற இடம். இலங்கையில இந்திய வீட்டுத் திட்டம், முதல்ல அறிவிச்சது 50,000 வீடு, அதுல 46,000 வடக்கு கிழக்குல, 4,000 தேயிலைத் தோட்டங்க இருக்கற மலையகத்துல. எங்க அத்தை குடும்பம் இன்னும் ஹட்டன் பக்கம் இருக்கறதால இதை நான் ஆரம்பத்துல இருந்தே கவனிச்சிட்டு வர்றேன். வடக்கு கிழக்குல வீட்டுக்காரங்களே கட்டிக்கற முறை, ஒரு வீட்டுக்கு இலங்கைக் காசுல 5,50,000, கட்டடம் எழும்ப எழும்ப தவணை தவணையா இந்தியத் தூதரகத்துல இருந்து நேரா வீட்டுக்காரங்க பேங்க் கணக்குக்குப் போகும். மலையகத்துல வீட்டுக்கு 9,50,000. ஐநா ஹேபிடாட், செஞ்சிலுவைச் சங்கம் மாதிரி பார்ட்னருங்க வேலை என்னன்னா பயனாளிக்கு வழிகாட்டறது, தொழில்நுட்ப உதவி, அஸ்திவாரம் முடிஞ்சுது, கதவு ஜன்னல் மேல வர்ற லிண்டல் வரைக்கும் வந்தாச்சுன்னு பாத்து சான்று கொடுக்கறது. அதாவது வீட்டுக் காசு பார்ட்னர் கையில தங்காது. இப்படி ஒரு திட்டத்துல பார்ட்னரை மதிப்பிட்டா "எவ்வளவு செலவு பண்ணாங்க"ங்கறது பெரிய கேள்வியே இல்ல, சான்று உண்மையா, லிண்டல் வந்த அன்னிக்கும் சான்று போன அன்னிக்கும் நடுவுல எத்தனை நாள், ஆம்பளை இல்லாத வீட்டுக்கு கொத்தனார் கிடைக்க உதவி பண்ணாங்களா, இதுதான் கேள்வி. ஒவ்வொரு திட்டத்துலயும் மொதல்ல இதைக் கேளுங்க: பார்ட்னர் கையில பணம் இருக்கா, சான்று மட்டும் இருக்கா, இல்ல ரெண்டுமா?

ஒப்பந்தத்தை எடுத்து ஒரே பக்கத்துக்குக் கொண்டு வாங்க

கலர் புத்தகம் கொடுப்பாங்க, வீடியோ காட்டுவாங்க, அதையெல்லாம் மரியாதையா வாங்கி ஓரமா வெச்சிட்டு கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தையும் அதுக்கப்புறம் வந்த திருத்தங்களையும் கேளுங்க. திருத்தம் ரொம்ப முக்கியம், 12 ஊர்னு ஆரம்பிச்சது நடுவுல 8 ஊராக் குறைஞ்சிருக்கும், டோனரே ஒத்துக்கிட்டிருப்பாங்க, அது தெரியாம நீங்க போய் மீதி 4 ஊர் எங்கன்னு கேட்டா உங்க மேல இருக்கற நம்பிக்கை அன்னிக்கே போயிரும்.

ஒரு ஏ4 தாள்ல கையாலயே எழுதுங்க, என்ன தர்றதாச் சொன்னாங்க, எத்தனை, எந்த ஊர், எப்பக்குள்ள, யார் பொறுப்பு. எழுதும்போதே வாக்கியங்களோட தரம் தெரிஞ்சிரும். "40 பெண்களுக்குப் பயிற்சி அளிக்கப்படும்"னு இருந்தா, பயிற்சி நடந்தாலே அவங்க கடமை முடிஞ்சுது, யாரும் எதுவும் கத்துக்கலைன்னாலும் காகிதத்துல பாஸ். அது பார்ட்னர் தப்பு மட்டுமில்ல, ஒப்பந்தம் எழுதினவங்க தப்பும்தான், அதையும் ரிப்போர்ட்ல ஒரு வரி எழுதணும். தண்ணித் திட்டத்துல குழாய் எத்தனைன்னு எண்ணறது ஒண்ணு, சித்திரை மாசத்துல ஒரு வீட்டுக்கு எத்தனை குடம் கிடைக்குதுங்கறது இன்னொண்ணு. ரெண்டாவதுதான் அந்த வீட்டுக்காரிக்கு வேணும்.

எந்த ஊருக்குப் போகணும்னு நீங்க முடிவு பண்ணுங்க

பார்ட்னர் ஒரு பயணத் திட்டம் போட்டு வெச்சிருப்பாங்க, எல்லாம் தார் ரோட்டை ஒட்டின ஊரா இருக்கும், மத்தியானம் சாப்பாட்டுக்கு டவுனுக்கு வந்துடற மாதிரி. நான் பண்றது இது: மொத்த ஊர்ப் பேரையும் துண்டுச் சீட்டுல எழுதி அவங்க ஆபீஸ்லயே அவங்க கண் முன்னாடியே குலுக்கி எடுப்பேன், அவங்களையே ஒரு சீட்டு எடுக்கச் சொல்வேன், அதுக்கு மேல ஜீப் போகாத ஊர் ஒண்ணை நானே சேர்த்துப்பேன். முந்தின நாள் சாயங்காலம்தான் குலுக்கல். இதுல யாருக்கும் மனசு கஷ்டமும் இல்ல, சீட்டு சொன்ன இடத்துக்குத்தானே போறோம்.

ஆனா மலையில சில விஷயத்தை முன்னாடியே பண்ணித்தான் ஆகணும். முதுமலை புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்கற ஊர்னா வனத்துறை அனுமதி வேணும், அதுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே எழுதுங்க. யானை நடமாடற பக்கம் சாயங்காலம் 4 மணிக்கு மேல நிக்காதீங்க, ஊர்க்காரங்க "கிளம்புங்க"ன்னு சொன்னா கேள்வி கேக்காம கிளம்புங்க. மழைக்காலத்துல அட்டை ஏறாம இருக்க சாக்ஸ்ல உப்போ மூக்குப்பொடியோ.

காலம் பாத்து போறது எல்லாத்தையும் விட முக்கியம், நான் முதல்ல சொன்ன காத்து வந்த குழாய் கதை அதுதான். கூடலூர் பந்தலூர் பக்கம் மழை ஜூன்ல இருந்து தென்மேற்குல வரும், குன்னூர் கோத்தகிரி சரிவுல பெரிய மழை அக்டோபர் நவம்பர்ல வடகிழக்குல. 2009 நவம்பர்ல நடந்த மண்சரிவு இந்த மாவட்டத்துல யாருக்கும் மறக்காது. அதனால தண்ணித் திட்டத்தை ஏப்ரல் மே-ல பாருங்க, ரோடு, தடுப்புச் சுவர், வடிகால் இதையெல்லாம் அந்தந்தப் பக்கத்து மழை முடிஞ்ச கையோட பாருங்க. காபி பறிக்கற டிசம்பர் ஜனவரியில பகல்ல போனா ஊர்ல யாரும் இருக்க மாட்டாங்க, தேயிலைத் தோட்டத்துல எடை போட்டு முடியறதுக்கு முன்னாடி பொம்பளைங்களைப் பிடிக்கவே முடியாது. ரெண்டு தடவை போக டோனர் காசு தர மாட்டேங்கறாங்களா, ஒரே தடவைன்னா கஷ்டமான மாசத்துலயே போங்க, நல்ல மாசத்தைப் பத்திச் சொல்ல பார்ட்னரோட ரிப்போர்ட் இருக்கு.

கேக்கற விதம்

"திட்டம் நல்லா இருந்துதாம்மா?"ன்னு கேட்டா உலகத்துல எந்த ஊர்லயும் "நல்லா இருந்துச்சுங்க"தான் பதில். வீட்டுக்கு வந்தவங்ககிட்ட குறை சொல்றது நம்ம பழக்கமில்ல, சொன்னா வர்றதும் நின்னு போயிருமோங்கற பயம் வேற. இந்தக் கேள்வியை உங்க நோட்ல இருந்தே எடுத்துருங்க.

இன்னிக்கு, நேத்து, போன வாரம், இதுல நடந்ததைக் கேளுங்க. பணியர் காலனி ஒண்ணுல நான் கேட்டது, "சேச்சி, இன்னிக்கு காலையில எந்தத் தண்ணியில கஞ்சி வெச்சீங்க?" அவ்வளவுதான். அந்த சேச்சி ஒரு நிமிஷம் என்னைப் பாத்தாங்க, அப்புறம் ஒண்ணும் பேசாம எழுந்து வீட்டுக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போனாங்க. திட்டத்துல போட்ட குழாய் நிக்குது, நீலப் பெயின்ட் கூட மங்கல, குழாய் மேல ஒரு ஓட்டைக் குடத்தைக் கவுத்து வெச்சு, குடத்து மேல சிலந்தி வலை கட்டியிருந்தது. அங்கிருந்து சரிவுல இறங்கினா ஒரு ஊத்து, வாழைமட்டையை வெட்டி ஓடை மாதிரி வெச்சு அதுல சொட்டற தண்ணிக்குக் கீழே அலுமினியக் குண்டான். ஒரு குண்டான் நிறைய எவ்வளவு நேரம்னு வாட்ச்சைப் பாத்துக்கிட்டே நின்னேன், 11 நிமிஷம். பார்ட்னர் ரிப்போர்ட்ல அந்தக் காலனிக்கு நேரா "முழுமையாக நிறைவேற்றப்பட்டது"ன்னு இருந்தது. டேங்க் நிஜமாவே இருக்கு, மோட்டார் இருக்கு, பைப் இருக்கு. ஈபி பில் யார் கட்டறதுன்னு மட்டும் யாரும் முடிவு பண்ணல, மூணு மாசத்துல ஃபியூஸைப் பிடுங்கிட்டுப் போயிட்டாங்க.

"காட்டுங்க"ங்கற ஒரு வார்த்தையோட பலம் அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. தையல் மெஷின் கொடுத்தாங்களா, காட்டுங்க. தேன் பெட்டியா, காட்டுங்க, மூடியைத் திறங்க. சமையல் அடுப்பா, அடுப்புல சாம்பல் சூடா இருக்கான்னு கை வெச்சுப் பாருங்க.

பார்ட்னரோட ஆள் கூட இருக்கும்போது பயனாளிகிட்ட பேசாதீங்க. இதை முதல் நாளே மரியாதையாச் சொல்லிருங்க, "எங்க விதிமுறை சார், எல்லா இடத்துலயும் இப்படித்தான்"னு. மொழிபெயர்க்கவும் அவங்க ஆளைக் கூப்பிடாதீங்க. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், இருளர், ஒவ்வொருத்தர் பேச்சும் வேற, நம்ம தமிழ்ல கேட்டா தலையை ஆட்டிட்டு விட்ருவாங்க. பக்கத்து ஊர்ல படிச்ச ஒரு பொண்ணோ பையனோ கண்டிப்பா இருப்பாங்க, அவங்களுக்கு முழு நாள் சம்பளம் கொடுத்துக் கூட்டிட்டுப் போங்க. ஊர்ப் பெரியவர்கிட்ட முதல்ல போய் வந்த விஷயத்தைச் சொல்லணும், ஆனா அவர் வீட்டுத் திண்ணையிலேயே முழு நாளும் உட்கார்ந்துடக் கூடாது. கடைசி வீட்டுக்குப் போங்க. திட்டத்துல பேர் வராத வீட்டுக்கும் போங்க, ஏன் வரலைன்னு அவங்க சொல்றதுல இருந்து பயனாளிப் பட்டியல் எப்படித் தயாராச்சுன்னு புரிஞ்சிரும்.

கெட்ட செய்தி எத்தனை நாள்ல மேல போச்சு

இது நானா பழகிக்கிட்ட ஒரு அளவு, எந்த ஃபார்ம்லயும் இருக்காது, ஆனா ஒரு பார்ட்னரைப் பத்தி இதைவிட வேகமா எதுவும் சொல்லாது. திட்டத்துல தப்பாப் போன மூணு விஷயத்தை எடுங்க. ஒவ்வொண்ணுக்கும் மூணு தேதி: ஊர்ல அது நடந்த தேதி, பார்ட்னரோட தலைமை ஆபீசுக்குத் தெரிஞ்ச தேதி, டோனருக்குப் போன தேதி. நல்ல பார்ட்னர்னா நாள் கணக்குல இருக்கும். சுமாரான இடத்துல காலாண்டு ரிப்போர்ட் வரைக்கும் காத்திருப்பாங்க. சில இடத்துல மூணாவது தேதியே இருக்காது, நீங்கதான் அந்தத் தேதி.

அந்த ஈபி பில் விஷயத்துல என்னாச்சுன்னா, திரும்பி வரும்போது ஜீப்ல அந்த அமைப்போட களப்பணியாளர் தம்பி ஒருத்தர், அதே தாலுக்காக்காரர், ரொம்ப நேரம் பேசாம வந்தார். அப்புறம் "அக்கா, நான் சொல்லாம இல்ல"ன்னு ஃபோனை எடுத்துக் காட்டினார். பஞ்சாயத்துக்கு ஒப்படைக்கற கடிதம் போடணும்னு அவரோட மேலதிகாரிக்கு மூணு தடவை மெசேஜ் போட்டிருக்கார், ரெண்டு நீல டிக் விழுந்திருக்கு, பதில் இல்ல. நம்ம ஊர்ல குடிதண்ணி மோட்டாருக்கு கரன்ட் பில் கட்டறது கிராமப் பஞ்சாயத்து, அவங்க கையில முறையா ஒப்படைச்சாத்தான் அவங்களால கட்ட முடியும். ஒரு கடிதம், ஒரு தீர்மானம், அவ்வளவுதான் வேலை.

இந்த மாதிரி நேரத்துல அந்தத் தம்பி பேரை நீங்க ரிப்போர்ட்ல எழுதினா அவர் வேலை போயிரும். அந்த மெசேஜை ஃபோட்டோ எடுக்காதீங்க. தலைமை ஆபீஸ்ல போய் "ஒப்படைப்பு சம்பந்தமா களத்துக்கும் உங்களுக்கும் நடந்த கடிதம், மெயில், மெசேஜ் எல்லாம் எல்லா ஊருக்கும் வேணும்"னு பொதுவாக் கேளுங்க. எல்லா ஊருக்கும்னு கேட்டா யார் சொன்னாங்கன்னு தெரியாது, வரவேண்டியதும் வந்துரும். அந்த அமைப்பைப் பத்தி நான் எழுதினது, களத்துல ஆட்கள் நல்ல ஆட்கள், அவங்க சொல்றதைக் கேக்கற ஏற்பாடு மேல இல்ல. பார்ட்னர்ங்கறது ஒரே ஆள் இல்ல, உள்ளுக்குள்ள ரெண்டு மூணு மாடி இருக்கும், எந்த மாடியில ஓட்டைன்னு சொன்னாத்தான் சரி பண்ண முடியும்.

காசு

நான் ஆடிட்டர் இல்ல, நீங்களும் இருக்க வேண்டியதில்ல. ஆனா வெளிநாட்டுப் பணம் வாங்கறதுக்கான சட்டம் எஃப்சிஆர்ஏ, அதோட அடிப்படை தெரிஞ்சிருக்கணும். 2020-ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் வெளிநாட்டுப் பணம் முதல்ல டெல்லியில இருக்கற எஸ்பிஐ மெயின் பிராஞ்ச் கணக்குலதான் வரணும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது (முன்னாடி 50 இருந்தது), வாங்கின பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கை மாத்திக் கொடுக்க முடியாது. கடைசி விஷயத்தால நம்ம மலையில இருக்கற சின்ன அமைப்புகளுக்குப் பெரிய அடி, முன்னாடி பெரிய என்ஜிஓ வாங்கி இவங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கும், ஊரைத் தெரிஞ்சவங்க வேலை செய்வாங்க. இப்ப கையெழுத்துப் போட்டவங்களேதான் செய்யணும், அதனால ஊரே தெரியாத ஆட்களை வெச்சு செய்யறாங்களாங்கறதை இன்னும் கவனமாப் பாக்கணும்.

இருபது வவுச்சர் எடுங்க, நீங்களே எடுங்க, ஒவ்வொண்ணையும் காசு போய்ச் சேர்ந்த ஆள் வரைக்கும் பின்னாடியே போங்க. வருகைப் பதிவேட்டை ஊர்க் காலண்டரோட வெச்சுப் பாருங்க. ஒரு தடவை காட்டுநாயக்கர் குடியிருப்பு ஒண்ணுல மே மாசம் 3 நாள் பயிற்சி நடந்ததா 26 கைரேகை, எல்லாம் ஒரே ஊதா மை, ஒரே அழுத்தம். மே மாசம் மலைத்தேன் எடுக்கற காலம், அந்த ஊர்ல பாதிப் பேரு காட்டுக்குள்ள இருப்பாங்க. அந்த மூணு நாளுக்கு வண்டி லாக்புக்கைக் கேட்டேன், வண்டி மூணு நாளும் ஊட்டியில ஒர்க்‌ஷாப்ல நின்னிருக்கு. யார்கிட்டயும் நான் குரலை உசத்தல, ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டேன்.

அதே சமயம் சமவெளி ரேட்டை வெச்சு மலையை அளக்காதீங்க, இது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம். டவுன்ல இருந்து வர்ற கணக்கர் "கோயம்புத்தூர்ல இந்த வேலை பாதி விலையில முடியுமே"ன்னு எழுதிட்டுப் போயிருவார். மணலும் ஜல்லியும் மேட்டுப்பாளையத்துல இருந்து லாரி ஏறி வரணும், ரோடு முடியற இடத்துல இறக்கி அங்கிருந்து தலைச்சுமை, பழனி மலையில வெள்ளகவி மாதிரி ஊருக்கெல்லாம் காலங்காலமா குதிரை மேலயும் தலையிலயும்தான் சாமான் போச்சு. எல்லாத்துலயும் குறைஞ்ச விலை காட்டற பார்ட்னர் கஷ்டமான ஊருக்கே போகலைன்னு அர்த்தமா இருக்கலாம். தலைச்சுமைக் கூலி பில் இருக்கான்னு பாருங்க, அது இருந்தா அவங்க உள்ளே போயிருக்காங்க.

ஆட்களைப் பத்தி சுருக்கமா: களப்பணியாளருக்கு சம்பளம் மாசா மாசம் வருதா, ஒரு வருஷத்துல எத்தனை பேர் விட்டுட்டுப் போனாங்க, பெண் ஊழியர் இருக்காங்களா. புகார் பெட்டி மாட்டியிருக்கோம்னு காட்டுவாங்க, பெட்டி சாவி யார்கிட்டன்னு கேளுங்க. குழந்தைங்க, பெண்கள் பாதுகாப்பு விஷயத்துல 2018-க்கு அப்புறம் டோனர் நாடுங்க ரொம்பக் கண்டிப்பா இருக்காங்க, உங்க காதுக்கு ஏதாவது வந்தா ரிப்போர்ட் முடியற வரைக்கும் காத்திருக்காம அன்னிக்கே சொல்லணும்.

மார்க் போடறது

எந்த அளவுகோல்னு டோனர் சொல்லிருவாங்க. ஓஇசிடிங்கற பணக்கார நாடுகள் அமைப்புல உதவி கொடுக்கற நாடுங்களோட டிஏசி குழு 1991-ல போட்ட அளவுகோல்கள்தான் பலருக்கும் அடிப்படை, 2019-ல திருத்தி இப்ப ஆறு: பொருத்தம், மத்த வேலைகளோட இசைவு, பயன், செலவுத் திறன், தாக்கம், நிலைச்சு நிக்கறது. அது திட்டத்துக்கு. பார்ட்னருக்குன்னே தனியா மார்க் போடற முறைல ஆஸ்திரேலிய வெளியுறவுத் துறையோடது நல்லா இருக்கும், நிலைக்கற பலன், காசுக்கேத்த மதிப்பு, சேர்ந்து வேலை செய்யற விதம், ரிஸ்க்கைக் கையாள்றது, ஆட்கள்னு பிரிச்சு 1-ல இருந்து 6 வரைக்கும். 4 வந்தா போதுமான தரம், 3 வந்தா குறை. 1-ல இருந்து 5 வரைக்கும்னா கை தானா 3-ல போய் நிக்கும், நடுவுல ஒளிஞ்சுக்கலாம். 6-ல நடு கிடையாது, 3-ஆ 4-ஆன்னு முடிவெடுத்தே ஆகணும். பிரிட்டன்காரங்க திட்டத்தோட வருடாந்திர மதிப்பீட்டுக்கு ஏ++-ல இருந்து சி வரைக்கும் எழுத்துல போடுவாங்க, ஜப்பானோட உதவி அமைப்பு ஜைக்கா திட்டம் முடிஞ்சு 3 வருஷத்துக்குள்ள திரும்ப வந்து பாத்து ஏ, பி, சி, டி-ன்னு போடும். முடிஞ்சப்புறம் திரும்பி வர்றதுங்கற அந்த ஒரு பழக்கத்துக்காகவே ஜைக்கா மேல எனக்கு மரியாதை.

எந்த அளவுகோலா இருந்தாலும் அன்னன்னிக்கு ராத்திரியே மார்க் போடுங்க, கூட வந்தவர் தனியா போடட்டும், அப்புறம் ஒப்பிட்டுப் பாருங்க, வித்தியாசம் வர்ற இடத்துலதான் விஷயமே இருக்கும். ஒவ்வொரு மார்க்குக்கும் கீழ ஒரு வரி காரணம், ஒரு வரி ஆதாரம். "பொதுவாக சிறப்பாக செயல்பட்டனர்"னு எழுதாதீங்க. "9 ஊர்ல 6 ஊர்ல ஏப்ரல் மாசம் குழாயில தண்ணி வந்தது, நேர்ல பாத்தோம்"னு எழுதுங்க. ஒரு தலைப்புல 6, இன்னொண்ணுல 2 வந்தா அப்படியே விடுங்க, கூட்டி வகுத்து 4-னு ஆக்கினா ரெண்டு உண்மையும் காணாமப் போயிரும்.

வரைவை பார்ட்னர்கிட்ட கொடுங்க. பதில் எழுத நேரம் கொடுங்க. அவங்க பதிலை நீங்க ஒத்துக்கலைன்னாலும் அப்படியே ரிப்போர்ட்டோட சேர்த்து அனுப்புங்க. இதை நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நான் என்ஜிஓல இருந்தப்ப ஒருத்தர் மதிப்பிட வந்தார், ரெண்டு நாள் மழை, ஹோட்டலை விட்டு வெளிய வரல, ஃபைலை மட்டும் பாத்துட்டு குறைஞ்ச மார்க் போட்டுட்டுப் போயிட்டார். எங்ககிட்ட காட்டவே இல்ல. அடுத்த தவணை நின்னுது, 14 பேருக்கு வேலை போச்சு, எங்க மாலை நேரப் பள்ளி மூணும் மூடியாச்சு. அந்த ஃபைல்ல இருந்த தப்புக்கு எங்ககிட்ட பதில் இருந்தது, ஒரு பக்கம் கூட வராது. கேட்டிருந்தா கொடுத்திருப்போம்.

ரிப்போர்ட்ல என்ன எழுதினீங்கன்னு ஊருக்கும் போய்ச் சொல்லுங்க. அவங்க மொழியில, பத்து நிமிஷம் போதும். உங்ககிட்ட ஒரு நாள் கூலியை விட்டுட்டு உட்கார்ந்து பேசினவங்க. அப்புறம் பரிந்துரைன்னு எழுதினதுக்கெல்லாம் ஆள் பேரும் தேதியும் போட்டு, அந்தத் தேதியை உங்க காலண்டர்லயும் குறிச்சுக்கிட்டு, அன்னிக்கு ஃபோன் பண்ணுங்க, முடிஞ்சா போங்க.

அந்தப் பணியர் காலனிக்கு நான் அடுத்த வருஷம் மே மாசம் போனேன். ஒப்படைப்புக் கடிதம் போட்டு பஞ்சாயத்து தீர்மானமும் ஆகியிருந்தது, ஈபி பில் ரசீது நகல் மூணு மாசத்துக்கு வாங்கிக்கிட்டேன். சேச்சி வீட்டுக் குழாய் மேல குடம் இல்ல, கீழ இருந்தது, நிறைய 2 நிமிஷம் ஆகல. மேட்டுல இருக்கற கடைசி ரெண்டு வீட்டுக்கு மட்டும் இன்னும் பிரஷர் பத்தல, காலையில ஒரு மணி நேரம் சொட்டுது. போன தடவை 2 போட்ட இடத்துல இந்தத் தடவை 4 போட்டேன். அந்த ரெண்டு வீட்டுக்குத் தனி லைன் இழுக்க ஆகஸ்ட் வரைக்கும் தேதி கொடுத்திருக்காங்க, அது வந்தா 5.